நியூ ஜெர்சியில் நாமே பெட்ரோல் போட்டால் அபராதம் யாருக்கு?

ஹட்சன் கரை, 2024 ஜனவரி 13

டெக்சஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு மாறி வந்திருக்கிறேன். இங்கே பங்கில் நாமே பெட்ரோல் போடக்கூடாதாம். தீப்பிடிக்கும் என்று 1949-இல் கொண்டுவந்த சட்டமாம். மற்ற மாநிலங்களில் கோடிக்கணக்கான பேர் தினமும் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள், ஊர் ஒன்றும் எரிந்துவிடவில்லை. அதனால் இது பழைய பஞ்சாங்கம் என்பதுதான் என் கருத்து. அவசரத்துக்கு நாமே நாசிலை எடுத்துவிட்டால் அபராதம் நமக்கா, பங்குக்கா?

நாசில்காரன், 2024 ஜனவரி 13

பங்குக்கு. சட்டத்தின் வாசகம் ஊழியரை நோக்கியது. எஞ்சின் ஓடும்போது போடக்கூடாது, புகை பிடித்துக்கொண்டு போடக்கூடாது, விதிக்கு ஒத்துவராத கேனில் ஊற்றக்கூடாது, ஊழியர் அல்லாத யாரையும் போட விடக்கூடாது. இந்த நான்கும் ஊழியருக்கு இடப்பட்ட தடைகள். முதல் தடவை 50 முதல் 250 டாலர், அடுத்தடுத்து 500 டாலர் வரை அபராதம். நீங்கள் நாசிலைத் தொட்டதும் ஊழியர் பதறி ஓடி வருவது அதனால்தான். உங்கள் அவசரத்துக்கு அவர் முதலாளி பணம் கட்ட வேண்டும், பேச்சு வாங்குவது அவர். அதை நினைத்தாவது வண்டியிலேயே உட்கார்ந்திருங்கள்.

நாசில்காரன், 2024 ஜனவரி 13

‘தீப்பிடிக்கும் என்று போட்ட சட்டம்’ என்பது பாதிதான். 1940-களின் கடைசியில் ஹேக்கன்சாக் அருகே ரூட் 17-இல் இர்விங் ரைன்கோல்ட் என்பவர் 24 பம்புகளோடு செல்ஃப் சர்வீஸ் (நாமே போட்டுக்கொள்ளும்) பங்க் திறந்தார். அப்போது மற்ற பங்குகளில் காலன் 21.9 சென்ட், அவரிடம் 18.9 சென்ட். வண்டிகள் வரிசை கட்டின. விலையைக் குறைத்துப் போட்டி போட முடியாத மற்ற பங்க்காரர்கள் சட்டமன்றத்தைப் பிடித்தார்கள் என்பதுதான் நியூ ஜெர்சியில் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ரைன்கோல்ட் நீதிமன்றம் போனார். 1951-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. காரணமாக எழுதி வைத்தது தீ, பின்னால் இருந்தது விலைப்போட்டி.

சட்டத்தின் முகவுரையை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். தீ ஒன்றைத்தான் சொல்கிறது என்று நினைத்தால் ஏமாற்றம். பெட்ரோல் ஆவி உடம்புக்குக் கெடுதல், வண்டியை விட்டு இறங்குபவர் வழுக்கி விழலாம், வழிப்பறி நடக்கலாம், முதியவரும் உடல் ஊனமுற்றவரும் சிரமப்படுவார்கள், செல்ஃப் சர்வீஸ் உள்ள இடங்களில் ஃபுல் சர்வீஸுக்கு, அதாவது ஊழியர் போட்டுத்தருவதற்கு, அதிக விலை வாங்குவதால் அது தேவைப்படும் ஏழைக்குப் பாதிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறது. கடைசி இரண்டு காரணங்களுக்கு இன்றும் உயிர் இருக்கிறது. முதல் காரணமான தீயைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ரூட் 27, 2024 ஜனவரி 14

டீசல் வண்டிக்கு நாமே போட்டுக்கொள்ளலாம் என்கிறார்களே, உண்மையா?

நாசில்காரன், 2024 ஜனவரி 14

உண்மை. நியூ ஜெர்சி சட்டத்தில் எரிபொருள் என்றால் பெட்ரோலாக விற்கப்படும் திரவம் என்றுதான் வரையறை. டீசல் அதற்குள் வராது. ஆனாலும் ஒரே டிஸ்பென்சரில் (பம்ப் பெட்டியில்) பெட்ரோலும் டீசலும் இருக்கிற பங்குகளில் ஊழியரே போட்டுவிடுவார், அது பங்கின் வழக்கம். மின்சாரக் காருக்கு சார்ஜரை நாமே செருகுவதிலும் தடை இல்லை.

இதே மாதிரித் தடை வைத்திருந்த ஆரிகன் மாநிலம் இதையே வேறு வழியில் சொன்னது. அங்கே தடை முதல் வகுப்புத் தீப்பற்றும் திரவங்களுக்கு, அதாவது தீப்பற்று வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உள்ளவற்றுக்கு. பெட்ரோலுக்கு அது மைனஸ் 40 செல்சியஸைச் சுற்றி இருக்கிறது. பனி கொட்டும் நாளிலும் டேங்க் வாயில் தீப்பற்றக்கூடிய ஆவி உண்டு என்று அர்த்தம். டீசலுக்கு 52 செல்சியஸுக்கு மேல் போக வேண்டும்.

நாசில்காரன், 2024 ஜனவரி 16

இப்போது தீ. 1949-இல் இருந்த நாசிலையும் இன்றைய நாசிலையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இன்றைய நாசிலின் மூக்கு நுனியில், கீழ்ப்பக்கம், சின்னதாக ஒரு துளை இருக்கும். பெட்ரோல் ஓடும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல் இந்தத் துளை வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து பெட்ரோல் துளையை மூடியதும் காற்று வராது, உறிஞ்சல் ஒரு சவ்வை இழுக்கும், பிடி விடுபட்டு டக்கென்று அடைத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, வெறும் காற்றும் ஸ்பிரிங்கும்தான். நாசிலைப் பாதி வெளியே இழுத்து வைத்தாலோ தலைகீழாகப் பிடித்தாலோ துளை மூடப்படுவது தாமதமாகும், பெட்ரோல் பொங்கி வெளியே வரும். முழுசாக உள்ளே தள்ளி, பிடி தரையைப் பார்க்க வைத்தால் ஒழுங்காக அடைக்கும். டேங்க் கழுத்து குறுகலான சில வண்டிகளில் வேகமாக ஓடும்போது பெட்ரோல் எதிர்த்து அடித்துத் துளையில் பட்டு, நிறையாமலே அடைத்துக்கொண்டே இருக்கும். அப்போது பிடியைப் பாதி மட்டும் அழுத்த வேண்டும். அமெரிக்காவில் ஓட்டத்துக்கு உச்ச வரம்பு நிமிடத்துக்கு 10 காலன், சுமார் 38 லிட்டர்.

ஹோஸில் பிரேக்அவே இணைப்பு இருக்கிறது. யாராவது நாசிலோடு வண்டியை எடுத்தால் அது பிரிந்து இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். டிஸ்பென்சருக்கு அடியில், தரை மட்டத்தில், ஷியர் வால்வு இருக்கிறது. வண்டி மோதி டிஸ்பென்சரே சாய்ந்தாலும் நிலத்தடிக் குழாய் மூடிக்கொள்ளும். அவசரமாக நிறுத்தும் சிவப்பு பட்டன் டிஸ்பென்சரிலிருந்து 20 அடிக்குக் குறையாமலும் 100 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரம். போடப் போகிறவர் யாராக இருந்தாலும், பட்டன் எங்கே என்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சம் இருக்கிற உண்மையான அபாயம் ஸ்டாட்டிக் மின்சாரம். குளிர்காலத்தில் காற்று காய்ந்திருக்கும். நாசிலை ஓடவிட்டு, குளிர் தாங்காமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்து, ஸ்வெட்டர் சீட்டில் உரசி, திரும்ப இறங்கி வந்து நேராக நாசிலைத் தொடும்போது பொறி பறக்கிறது. பங்குகளில் நடந்த ஸ்டாட்டிக் தீ விபத்துகளைச் சேகரித்த பெட்ரோலிய உபகரண நிறுவனம் அடிக்கடி பார்த்தது இந்த வரிசையைத்தான். செல்போனால் பற்றியதாக உறுதியான ஒரு சம்பவமும் அதன் தொகுப்பில் இல்லை. உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமென்றால், இறங்கியதும் டேங்க் வாயிலிருந்து தள்ளி, கதவு இரும்பை வெறுங்கையால் தொட்டுவிட்டு வாருங்கள். பற்றிவிட்டால் நாசிலை உருவவே கூடாது. உருவினால் எரியும் பெட்ரோலை உங்கள் மேலும் தரையிலும் இறைத்துக்கொள்வீர்கள். அப்படியே விட்டு விலகி, சிவப்பு பட்டனை அடியுங்கள்.

ஊழியர் உங்கள் வண்டிக்குள் ஏறி இறங்குவதில்லை, ஆகவே இந்த ஒரு விஷயத்தில் சட்டத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் எட்டு பம்புக்கு ஒரே ஊழியர் நின்றுகொண்டு, ஒவ்வொன்றிலும் பிடியைக் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடுகிறார் என்றால் ‘ஊழியரின் கட்டுப்பாடு’ என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு மிஞ்சும்?

போர்ட்லண்ட் மழை, 2024 ஜனவரி 20

ஆரிகனில் தடை போய்விட்டதே. நியூ ஜெர்சி மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

நாசில்காரன், 2024 ஜனவரி 21

போய்விட்டது என்று ஒரே வரியில் சொன்னால் தவறு. ஆரிகன் 1951-இல் தடை போட்டது. 1982 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து, தடை வேண்டும் என்ற பக்கம் ஜெயித்தது. அதன் பிறகு ஓரம் ஓரமாகத் தளர்த்தினார்கள். மோட்டார் சைக்கிள்காரருக்கு ஊழியர் நாசிலை எடுத்துக் கையில் கொடுக்கலாம், அவர் போட்டுவிட்டு ஊழியரிடமே திருப்பித் தர வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 900 காலன் வாங்கும் தொழில் வாடிக்கையாளர்கள் தீப்பாதுகாப்புப் பயிற்சி பெற்று, கார்டு வைத்துத் தனிப் பம்புகளில் தாங்களே போடலாம். 2016 முதல் மக்கள்தொகை 40,000-க்குக் குறைந்த மாவட்டங்களில் மாலை 6 முதல் காலை 6 வரை திறந்துவிட்டார்கள், 2018 ஜனவரியிலிருந்து கிழக்கு ஆரிகனின் சின்ன மாவட்டங்களில் நாள் முழுக்க. ராத்திரியில் ஆள் வைக்கக் கட்டுப்படியாகாத பங்குகள் மூடிவிட, நீண்ட சாலையில் வருகிறவர் பெட்ரோல் இல்லாமல் மாட்டிக்கொள்வார். அந்தப் பாடுதான் காரணம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகவும், 2021 ஜூன் வெயில் அலையின்போதும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள்.

2023 ஆகஸ்ட் 4 அன்று ஆளுநர் டினா கோடெக் கையெழுத்திட்ட சட்டத்தில், மக்கள் நெருக்கமான 16 மாவட்டங்களில் ஒரு பங்கில் அதிகபட்சம் பாதிப் பம்புகள்தான் செல்ஃப் சர்வீஸ். மீதிப் பாதியில் ஊழியர் இருந்தே ஆக வேண்டும். மற்ற 20 மாவட்டங்களில் ஊழியர் கட்டாயம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வரி இது: இரண்டு பக்கமும் ஒரே விலை. நியூ ஜெர்சி முகவுரை அழுத்திச் சொல்கிற ‘ஃபுல் சர்வீஸ் தேவைப்படுபவர் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும்’ என்ற குறைக்கு இந்த ஒரு வரியே பதில். நியூ ஜெர்சி பின்பற்ற வேண்டிய வழி இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

நியூ ஜெர்சி முயலாமல் இல்லை. 2006-இல் ஆளுநர் கோர்சைன் சோதனை முறையில் செல்ஃப் சர்வீஸ் என்றார், மக்கள் எதிர்ப்பில் கைவிட்டார். 2022-இல் ஒரு மசோதா வந்தது, நகரவில்லை. அந்த ஆண்டு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈகிள்டன் கருத்துக்கணிப்பில் 73 சதவீதம் பேர் ஊழியரே போடட்டும் என்றார்கள். ஜனவரிக் குளிரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் சுகத்தை யார் விடுவார்கள்!

ஹட்சன் கரை, 2024 ஜனவரி 21

ஆள் வைத்தும் நியூ ஜெர்சியில் விலை குறைவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் ஊழியர் கூலி விலையை ஏற்றுவதில்லை என்றுதானே அர்த்தம்?

நாசில்காரன், 2024 ஜனவரி 22

இல்லை. விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் வரி. 2016 நவம்பர் 1 வரை மாநில வரி காலனுக்கு வெறும் 14.5 சென்ட். அன்று ஒரேயடியாக 23 சென்ட் ஏற்றி 37.5 ஆக்கினார்கள். அதன் பிறகு பக்கத்து மாநிலங்களோடு இருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. கூலி விலைக்குள் இருக்கத்தான் செய்கிறது. பல வண்டிகள் வந்துபோகும் பங்கில் காலனுக்கு இவ்வளவு என்று பிரித்தால் சில சென்டுகளில் கரைந்துவிடும், வண்டி வராத கிராமத்துப் பங்கில் கரையாது. ஆரிகன் கிராமங்களை முதலில் திறந்துவிட்டதற்கும் கணக்கு இதுதான்.

நாசில்காரன், 2024 பிப்ரவரி 4

தனிமடலில் சிலர் கேட்டது: நியூ ஜெர்சியில் பங்குக்குள் போனால் என்ன செய்வது?

எஞ்சினை அணையுங்கள். டேங்க் மூடிக் கதவை உள்ளிருந்து திறந்துவிடுங்கள். ‘ஃபில் அப், ரெகுலர், கார்டு’ என்றோ ‘20 டாலர் ரெகுலர், கேஷ்’ என்றோ ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பல பங்குகளில் கேஷுக்கு ஒரு விலை, கார்டுக்கு வேறு விலை, பலகையில் இரண்டும் இருக்கும். டிப்ஸ் எதிர்பார்ப்பு கிடையாது, கொடுத்தால் மறுக்கமாட்டார்கள். நம்மூரில் ‘ஜீரோ பாத்துக்குங்க சார்’ என்று அவரே சொல்வார், இங்கே சொல்லமாட்டார், நீங்களே பாருங்கள். கார்டு கண்ணை விட்டு மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் மூடி. ஊழியர் அவசரத்தில் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால், ஓரிரு நாளில் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0455 அல்லது பி0457 என்று வரும். மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, கிளிக் சத்தம் கேட்க இறுக்குங்கள். சில நாள் ஓட்டத்தில் விளக்கு தானே அணையும்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக இறங்கி நின்று பார்க்க வேண்டும். டீசல் நாசில் தடிமனானது, பெட்ரோல் காரின் குறுகிய கழுத்துக்குள் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் நாசில் மெல்லியது, டீசல் கார் வாயில் தாராளமாக நுழையும். அதாவது தவறு நடக்க இடமுள்ள பக்கம் எதுவோ, அந்தப் பக்கம்தான் சேதமும் அதிகம். டீசலின் எண்ணெய்த்தன்மையில்தான் உயர் அழுத்தப் பம்ப் தேயாமல் ஓடுகிறது. பெட்ரோல் கலந்தால் உலோகம் உலோகத்தை உரசி, தூள் இன்ஜெக்டர் வரை போகும். தவறு தெரிந்த நொடியில் சாவியைத் திருப்பாதீர்கள். இக்னிஷனை ஆன் செய்தாலே பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்டி, இழுவை வண்டி கூப்பிட்டு, டேங்கைக் காலி செய்யுங்கள். அதற்கு ஆகும் செலவு பம்பும் இன்ஜெக்டரும் மாற்றுவதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ரூட் 27, 2024 பிப்ரவரி 5

இங்கேயே கார் ஓட்டப் பழகியவள் நான். அடுத்த வாரம் பென்சில்வேனியா போகிறேன். நாமே போடுவது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

நாசில்காரன், 2024 பிப்ரவரி 5

பெட்ரோல் முள் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும், அது காட்டும் பக்கம்தான் டேங்க் வாய். அந்தப் பக்கம் பம்ப் வரும்படி நிறுத்துங்கள். கார்டைச் செருகினால் ஜிப் கோடு கேட்கும், பில் வரும் முகவரியின் ஐந்து இலக்கம். வெளிநாட்டுக் கார்டு என்றால் இது ஒத்துவராமல் போகலாம், உள்ளே போய் முன்பணம் கட்டுங்கள். டெபிட் கார்டைப் பம்பில் போடாதீர்கள். எவ்வளவு போடுவீர்கள் என்று தெரியாததால் 175 டாலர் வரைகூட முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள், கணக்கில் குறைவாக இருந்தால் மற்ற செக்குகள் திரும்பும்.

நாசிலை எடுத்து முழுசாகச் செருகி, ரகத்தை அமுக்கி, பிடியை அழுத்துங்கள். தானே அடைத்ததும் போதும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று கொசுறு போடாதீர்கள். மேலே இருக்கும் வெற்றிடம் ஆவிக்கானது. அதிகமாக ஊற்றினால் திரவம் ஆவி பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் போய் நனைத்துவிடும், கரி ஒருமுறை ஊறினால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும். அடைத்த பிறகு சில நொடி விட்டு, சொட்டு வடிந்ததும் நாசிலை மூக்கு மேல்நோக்கத் திருப்பி எடுங்கள். பேன்ட்டிலும் ஷூவிலும் விழாது.

உடல் ஊனமுற்றவர்கள் செல்ஃப் சர்வீஸ் பங்கில் ஹார்ன் அடித்தோ போன் செய்தோ உதவி கேட்கலாம். அமெரிக்கச் சட்டப்படி கூடுதல் காசு வாங்காமல் ஊழியர் வந்து போட்டுத்தர வேண்டும். விலக்கு ஒன்று உண்டு: பங்கில் ஒரே ஒரு ஊழியர் மட்டும் இருந்து, பம்புகளை உள்ளிருந்தே இயக்கினால் கட்டாயம் இல்லை. இரவு நேரங்களில் பல பங்குகளின் நிலைமை அதுதான். அந்தச் சலுகை கையில் கிடைக்காமல் போகும் இடமும் அதுதான். நியூ ஜெர்சிச் சட்டத்தைக் கிழித்துப் போடச் சொல்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

போர்ட்லண்ட் மழை, 2024 மார்ச் 9

அமெரிக்காவை விட்டால் வேறெங்காவது இந்தத் தடை இருக்கிறதா?

நாசில்காரன், 2024 மார்ச் 10

பிரேசிலில் நாடு முழுக்க. 2000 ஜனவரி 12 தேதியிட்ட 9956-ஆம் எண் சட்டம். அங்கே தீயைப் பற்றிச் சுற்றி வளைக்கவில்லை, வேலைவாய்ப்புதான் பேச்சு. மீறினால் பங்குக்கும் அதற்கு எண்ணெய் தரும் நிறுவனத்துக்கும் சேர்த்து அபராதம், இரண்டாம் தடவை இரட்டிப்பு, மூன்றாம் தடவை இழுத்து மூடல். போட்டுத்தரும் ஊழியருக்கு ஆபத்துத் தொழில் படியாக அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் கூடுதல். பெட்ரோலில் உள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. அதனால் நாசில் தானே அடைத்த பிறகு மேலும் போடுவதை 2016-இல் தொழிலாளர் விதியிலேயே தடுத்தார்கள். நாம் வண்டியின் கரிப்பெட்டிக்காகச் செய்யாததை அவர்கள் ஊழியரின் நுரையீரலுக்காகச் செய்யவில்லை. இந்த ஒழுங்கு நியூ ஜெர்சிக்கும் வர வேண்டும். ஓட்டுநரை ஆவியிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சட்டம் எழுதிவிட்டு, அதே ஆவியை எட்டு மணி நேரம் இழுக்கும் ஆளைப் பற்றிப் பேசாமல் இருப்பது நியாயமில்லை.

தென்னாப்பிரிக்காவிலும் ஊழியர்தான் போடுவார், காரணம் அங்கேயும் வேலை. பெட்ரோல் சில்லறை விலையை அரசே நிர்ணயித்து மாதத்தின் முதல் புதன்கிழமை மாற்றுவதால், ஆள் குறைத்து விலை குறைக்கும் போட்டிக்கு அங்கே இடமே இல்லை.

ஜப்பான் 1998 வரை தடுத்து வைத்திருந்து திறந்துவிட்டது. ஆனால் திறந்த விதத்தைப் பாருங்கள். நாசிலை எடுப்பதற்கு முன் ஸ்டாட்டிக் நீக்கும் பட்டையில் கை வைக்க வேண்டும். உரிமம் பெற்ற ஆபத்துப்பொருள் கையாளுநர் உள்ளே திரையில் பார்த்து அனுமதி தந்தால்தான் பெட்ரோல் ஓடும். சாதாரணப் பெட்ரோலுக்குச் சிவப்பு, உயர் ஆக்டேனுக்கு மஞ்சள், டீசலுக்குப் பச்சை நாசில். கேனில் வாடிக்கையாளர் தானே நிரப்பக்கூடாது, ஊழியர்தான் நிரப்ப வேண்டும். 2019 ஜூலையில் கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோவைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியதில் 36 பேர் இறந்த பிறகு, 2020 பிப்ரவரி முதல் கேனில் வாங்குபவரின் அடையாளத்தையும் காரணத்தையும் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். தீதான் கவலை என்றால் சட்டம் இப்படி இருக்க வேண்டும்.

ரூட் 27, 2024 டிசம்பர் 7

பனியை அள்ளி எறியும் ஸ்னோ புளோயருக்குக் கேனில் பெட்ரோல் வேண்டும். கேனை நானே நிரப்பலாமா?

நாசில்காரன், 2024 டிசம்பர் 7

கூடாது. ‘ஊழியர் அல்லாதவர்’ என்ற தடையில் டேங்கோடு எந்தக் கொள்கலனும் சேர்த்தியே. அங்கீகரிக்கப்பட்ட சிவப்புக் கேன் கொண்டுபோங்கள், பால் டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஊழியர் மாட்டேன் என்பார், சொல்ல வேண்டியதும் அதுதான். கேனை டிக்கியிலோ பிக்கப் வண்டியின் பின்தட்டிலோ வைத்து நிரப்ப விடாதீர்கள். கார்ப்பெட்டும் பிளாஸ்டிக் விரிப்பும் மின்னூட்டம் மண்ணுக்குள் இறங்க விடாது. தரையில் வைத்து, நாசில் மூக்கு கேன் வாயைத் தொட்டபடி, மெதுவாக. முழுசாக நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள், சூடான கராஜில் பெட்ரோல் விரியும். சீசன் முழுக்க வைத்திருப்பதாக இருந்தால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரைக் காலிக் கேனில் முதலிலேயே ஊற்றிவிட்டுப் போங்கள், பெட்ரோல் விழும் வேகத்தில் தானே கலந்துவிடும்.